எவ்வளவு முக்கினாலும் மோஷன் போகலையா? மாத்திரையால் தீராத மலச்சிக்கலுக்கு 'பயோஃபீட்பேக்' சிகிச்சை: முழு விளக்கம்

காலையில் எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர். ராத்திரி படுக்கும் முன் வாழைப்பழம். வாரத்தில் மூணு நாள் கீரை. அதுவும் சரிவரலைன்னா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிரப். இவ்வளவுக்குப் பிறகும் டாய்லெட்டில் அரை மணி நேரம். முக்கி முக்கி வியர்த்துப்போய் வெளியே வந்தாலும், 'இன்னும் பாதி உள்ளேயே இருக்கு' என்ற உணர்வு மட்டும் போகாது.

இதை யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் "தண்ணி நிறைய குடி" என்பார்கள். டாக்டரிடம் "மலச்சிக்கல்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு, இன்னொரு மாத்திரைச் சீட்டோடு திரும்பி வருவோம். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய பேர்.

ஆனால் இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரச்னை சாப்பாட்டில் இல்லை. மலம் இறுகிப்போனதும் முக்கியக் காரணம் இல்லை. மலம் வெளியேறும் நேரத்தில் தளர வேண்டிய தசை, தளராமல் இன்னும் இறுக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். நாள்பட்ட மலச்சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவர்களிடம் வருபவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்தத் தசை ஒருங்கிணைப்புக் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கு மாத்திரையை விட நல்ல பலன் தருவது ஒரு பயிற்சி. அதன் பெயர்தான் 'பயோஃபீட்பேக்'. அது என்ன, யாருக்குத் தேவை, எப்படிச் செய்வார்கள் என்று பார்க்கலாம்.

மோஷன் போகும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தினமும் செய்கிற வேலைதான். ஆனால் உள்ளே பல தசைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கினால்தான் இது நடக்கும்.

பெருங்குடலின் கடைசிப் பகுதி மலக்குடல். அது முடியும் இடம் ஆசனவாய். ஆசனவாயைச் சுற்றி வளையம் மாதிரி ரெண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. உள்பக்கம் இருப்பது தானாக இயங்கும். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. வெளிப்பக்கம் இருப்பது நம் பேச்சைக் கேட்கும். பஸ்ஸில் போகும்போது அவசரமாக வந்தால் அடக்கிக்கொள்கிறோமே, அது இந்த வெளித்தசையின் வேலை.

இன்னொரு முக்கியமான தசையும் இருக்கிறது. இடுப்பின் அடிப்பகுதியில் தொட்டில் துணி மாதிரி விரிந்து உறுப்புகளைத் தாங்குபவை இடுப்புத் தளத் தசைகள். அதில் ஒரு பட்டை, முன்பக்க இடுப்பெலும்பில் தொடங்கி மலக்குடலின் பின்பக்கமாகச் சுற்றி மறுபடி முன்னால் வந்து சேர்கிறது. சாதாரண நேரத்தில் இது மலக்குடலை முன்பக்கம் இழுத்து மடக்கியே வைத்திருக்கும். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கும் இல்லையா, அதே டெக்னிக்தான்.

மலம் வந்து மலக்குடலை விரித்ததும் உள்தசை தானாகத் தளரும். நமக்கு 'வருது' என்று தெரியும். டாய்லெட்டில் உட்கார்ந்ததும் வயிற்றுத் தசைகள் லேசாக அழுத்தம் கொடுக்கும். அதே நொடியில் வெளித்தசையும் மடக்கிப் பிடித்த பட்டையும் தளரும். மடக்கு நிமிரும், வழி திறக்கும். மேலே அழுத்தம், கீழே தளர்வு. ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அப்போ தப்பு எங்கே நடக்கிறது?

சிலருக்கு மேலே அழுத்தம் கொடுக்கும்போது கீழே தளர்வதற்குப் பதிலாக இறுகிவிடுகிறது. சிலருக்கு இறுகாது, ஆனால் போதுமான அளவு தளராது. இன்னும் சிலருக்கு மேலிருந்து வரும் அழுத்தமே போதாது. பூட்டிய கதவைத் தள்ளுகிற கதைதான். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கதவு திறக்காது. நாம் இன்னும் பலமாக முக்குவோம், தசை இன்னும் இறுகும்.

மாத்திரை ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் இங்கேதான் புரியும். மலமிளக்கி மருந்துகள் மலத்தை இளக்கும், அல்லது குடலைத் தூண்டி நகரவைக்கும். உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கப்படும் நிலாவரைக்கும் அதுதான் வேலை. சரக்கை வாசல் வரை கொண்டுவந்து விடலாம். வாசலைத் திறப்பது அந்த மருந்தின் வேலை இல்லை. பேதி மாதிரி போன நாளில்கூட 'முழுசா போகலை' என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஏன் வருகிறது?

எல்லோருக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆசனவாயில் வெடிப்பு இருந்து, வலிக்குப் பயந்து இறுக்கிப் பழகியவர்கள் உண்டு. பிரசவம், முதுகில் அடி, இடுப்புப் பகுதி அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடங்கியதாகச் சொல்பவர்களும் உண்டு. சிறு வயதிலேயே ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள். பலருக்குத் தெளிவான காரணமே கிடைக்காது.

அடக்கி அடக்கிப் பழகுவதும் ஒரு சிக்கல்தான். ஸ்கூல் டாய்லெட் சுத்தமாக இல்லை என்று சாயங்காலம் வரை அடக்கும் பிள்ளைகள், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறையே இல்லாத பெண்கள், ஷிஃப்ட் விட்டு நகர முடியாத தொழிலாளர்கள். மலம் உள்ளேயே தங்கினால் தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறுகும். நாளாக ஆக, 'வருது' என்கிற உணர்வே சிலருக்கு மங்கிப்போகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது நோயாளியின் தப்பு இல்லை. வேண்டுமென்றே யாரும் இப்படி இறுக்குவதில்லை. தங்கள் தசை இறுகுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

எந்த அறிகுறிகள் இருந்தால் சந்தேகப்படலாம்?

● மலம் இளகலாக இருக்கும்போதும் ரொம்ப நேரம் முக்க வேண்டியிருப்பது
● போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு
● ஆசனவாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றுவது
● விரலை விட்டு எடுக்க வேண்டியிருப்பது, அல்லது ஆசனவாயைச் சுற்றியோ பிறப்புறுப்புப் பக்கமோ அழுத்தினால்தான் வெளியேறுவது
● நார்ச்சத்து, மலமிளக்கி எல்லாம் சரியாக எடுத்தும் நிவாரணம் இல்லாதது

நாலாவதாகச் சொன்னதைப் பெரும்பாலானவர்கள் வெளியே சொல்வதே இல்லை. ஆனால் டாக்டருக்கு அது முக்கியமான தகவல். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

'தினமும் போகுதே, அப்புறம் எப்படி மலச்சிக்கல்?' என்று கேட்கலாம். வாரத்தில் மூணு தடவைக்குக் குறைவாகப் போவது மட்டும் மலச்சிக்கல் இல்லை. முக்க வேண்டியிருப்பது, முழுமையாகப் போகாதது, அடைப்பு உணர்வு ஆகியவையும் மருத்துவ வரையறைக்குள் வருகின்றன. குடல் கோளாறுகளுக்காக உலக அளவில் பின்பற்றப்படும் 2016-ம் ஆண்டின் 'ரோம் 4' அளவுகோலும் இதைத்தான் சொல்கிறது. தினமும் நாலு முறை போய், நாலு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவருக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் படி, கையுறை அணிந்த விரலால் டாக்டர் செய்யும் பரிசோதனை. "அடக்குற மாதிரி இறுக்குங்க", "இப்போ வெளியே தள்ளுற மாதிரி முக்குங்க" என்பார். எது எப்போது இறுகுகிறது என்று விரலிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஓரிரு நிமிஷ வேலை. சங்கடமான பரிசோதனைதான், ஆனால் நிறைய சொல்லும். பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, உடன் ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்றோ தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்தது பலூன் சோதனை. ஒரு சின்ன பலூனை மலக்குடலுக்குள் வைத்து, பொதுவாக 50 மில்லி தண்ணீர் நிரப்புவார்கள். தனி அறையில் உட்கார்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். இயல்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்று அல்லது ரெண்டு நிமிஷத்துக்குள் தள்ளிவிடுவார்கள்.

மூணாவது 'மேனோமெட்ரி'. அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். முக்கும்போது மலக்குடலில் எவ்வளவு அழுத்தம், ஆசனவாயில் எவ்வளவு அழுத்தம் என்பது கணினித் திரையில் கோடுகளாகத் தெரியும். தேவைப்பட்டால், மலம் வெளியேறும் விதத்தை எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐயில் படம்பிடிக்கும் 'டிஃபிகோகிராஃபி' சோதனையும் செய்வார்கள்.

ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்துவிட மாட்டார்கள். ஏன்? எந்தப் பிரச்னையும் இல்லாதவர்கள்கூட, லேபில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் நிற்கும்போது முக்கச் சொன்னால் இறுக்கிக்கொள்வது சகஜம். அதனால் அறிகுறிகளோடு, குறைந்தது ரெண்டு சோதனைகளாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பயோஃபீட்பேக் என்றால் என்ன?

நம் உடம்புக்குள் நடப்பதை ஒரு கருவி மூலம் நமக்கே காட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

கண்ணாடி பார்க்காமல் நெற்றியில் பொட்டு வைத்தால் கோணலாகிறது. கண்ணாடி முன்னால் நின்றால் உடனே சரிசெய்து விடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத தசைகளுக்கு இந்தத் திரைதான் கண்ணாடி.

ஒரு செஷன் எப்படி இருக்கும்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படித்தான் நடக்கும்.

1. விளக்கம்: எந்தத் தசை என்ன செய்கிறது, உங்களுக்கு எங்கே தப்பாகிறது என்று படம் போட்டுச் சொல்வார்கள். பலருக்கு இங்கேயே பாதி பயம் போய்விடும்.

2. மூச்சும் வயிறும்: மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்டையால் முக்காமல், வயிறு விரிய மூச்சு எடுத்து, வயிற்றுத் தசையால் மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்தம் கொடுக்கப் பழக்குவார்கள்.

3. திரையைப் பார்த்துப் பயிற்சி: சென்சார் உள்ள குழாய் உள்ளே இருக்கும். திரையில் ரெண்டு கோடுகள். ஒன்று மலக்குடல் அழுத்தம், இன்னொன்று ஆசனவாய் அழுத்தம். முக்கும்போது முதல் கோடு மேலே ஏற வேண்டும், ரெண்டாவது கீழே இறங்க வேண்டும். முதலில் ரெண்டும் ஏறும். 'ஓ, இப்படி விட்டா கோடு இறங்குதா' என்று ஒரு தடவை பிடிபட்டுவிட்டால், அதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். பிறகு திரையைப் பார்க்காமலே செய்யச் சொல்வார்கள்.

4. பலூனை வெளியேற்றும் பயிற்சி: மலம் மாதிரி பலூனை வைத்து, கற்றதைச் செய்து பார்ப்பது. ஆரம்பத்தில் பயிற்சியாளர் பலூனை லேசாக இழுத்து உதவுவார்.

5. உணர்வுப் பயிற்சி: 'வருது' என்ற உணர்வு மங்கியவர்களுக்கு மட்டும். பலூனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, எந்த அளவில் உணர்வு வருகிறது என்று கவனிக்கப் பழக்குவார்கள்.

பெரும்பாலும் நாலு முதல் ஆறு செஷன்கள். ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வாரம் ஒருமுறையோ ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வரச் சொல்வார்கள். நடுவில் தினமும் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் செஷனுக்குப் போய் வந்த பலன் குறைந்துவிடும்.

வலிக்குமா? குழாய் நுழையும்போது அசௌகரியம் இருக்கும். மற்றபடி பெரிய வலி இருக்காது, மயக்க மருந்தும் தேவையில்லை. பெரிய பக்கவிளைவுகள் இல்லாத சிகிச்சை இது.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. இத்தாலியைச் சேர்ந்த கியூசெப்பே கியாரியோனி குழுவின் ஆய்வு 2006-ல் வெளியானது. இந்தக் கோளாறு உள்ள 109 பேரை ரெண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒன்றாக ஐந்து பயோஃபீட்பேக் செஷன்கள். இன்னொரு குழுவுக்கு மலமிளக்கி மருந்தும் ஆலோசனையும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி எடுத்தவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பெரிய முன்னேற்றம். மருந்துக் குழுவில் 22 சதவீதம் பேருக்குத்தான். ரெண்டு வருஷம் கழித்தும் பயிற்சியின் பலன் நீடித்தது.

'தசையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் போதாதா?' என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவில் 84 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், பயோஃபீட்பேக் எடுத்தவர்களில் 70 சதவீதம் பேர் நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். தசையைத் தளர்த்தும் டயஸிபாம் மாத்திரை எடுத்தவர்களில் அது 23 சதவீதம். வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில்கூட 38 சதவீதம்!

2015-ல் அமெரிக்க, ஐரோப்பிய குடல் இயக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வரும் இந்தவகை மலச்சிக்கலுக்குப் பயோஃபீட்பேக் சிகிச்சையை மிக உயர்ந்த தரநிலையில் பரிந்துரைக்கிறது.

அப்போ எல்லா மலச்சிக்கலுக்கும் இதைச் செய்யலாமா?

இல்லை. இதே கியாரியோனி குழு 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தசைக் கோளாறு இருந்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. குடல் மெதுவாக நகர்வது மட்டுமே பிரச்னையாக இருந்தவர்களில் 8 சதவீதம்தான். அதனால் முதலில் டெஸ்ட், அப்புறம்தான் பயிற்சி.

குழந்தைகளின் சாதாரண மலச்சிக்கலுக்கும் இதை வழக்கமான சிகிச்சையாக அந்த 2015 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அவர்களுக்கு மருந்து, சாப்பாடு, டாய்லெட் பழக்கம் ஆகியவைதான் முதல் வழி.

யூடியூப் பார்த்து கெகல் பண்ணலாமா?

இதைக் கட்டாயம் கவனியுங்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் பிரபலப்படுத்திய பயிற்சி இது. பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பெண்களுக்காக, இடுப்புத் தளத் தசைகளை இறுக்கிப் பலப்படுத்தும் பயிற்சி. சரியாக இறுக்குகிறார்களா என்று அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் அவர் பயன்படுத்தினார். ஒருவகையில் பயோஃபீட்பேக்கின் முன்னோடி அது.

ஆனால் கெகல் என்பது இறுக்கும் பயிற்சி. தளர முடியாமல் தவிக்கும் தசையை மேலும் இறுக்கப் பழக்கினால் சிக்கல் கூடலாம். மலம் அடைபடுபவர், டாக்டர் சொல்லாமல் கெகல் ஆரம்பிக்க வேண்டாம்.

மலம் கசிவதற்கும் இது உதவுமா?

உதவும். சுகப்பிரசவத்தில் தசை கிழிந்தவர்கள், மூல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதியவர்கள் எனப் பலர் மலத்தை அடக்க முடியாமல் கசிவதால் வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இவர்களுக்கு இதே கருவியில் பயிற்சி தலைகீழாக நடக்கும். மலம் வருவதைச் சீக்கிரமே உணர்ந்து, சரியான நொடியில் வெளித்தசையை இறுக்கப் பழக்குவார்கள். சொல்லப்போனால், ஆசனவாய்க் கோளாறுகளுக்கான பயோஃபீட்பேக் முதலில் பிரபலமானதே இதற்காகத்தான். அமெரிக்காவில் பெர்னார்ட் ஏங்கல் குழு 1974-ல் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வுதான் பெரிய திருப்பம்.

எங்கே கிடைக்கும்?

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். இந்தக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருக்காது. பெரிய நகரங்களில், குடல் இரைப்பை மருத்துவத் துறையும் மேனோமெட்ரி வசதியும் உள்ள மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு செஷன் கட்டணம் எவ்வளவு, மொத்தம் எத்தனை செஷன் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே வைத்துச் செய்யும் கருவிகளும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் சதீஷ் ராவ் குழு 100 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பயிற்சியும் மருத்துவமனைப் பயிற்சியும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் அதிலும் முதலில் கண்டறிந்து, கற்றுக்கொடுத்த பிறகுதான் வீட்டுக்குக் கருவி கொடுத்தார்கள்.

இன்றிலிருந்தே என்ன செய்யலாம்?

● காலைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் டாய்லெட் போய்ப் பாருங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகச் சுறுசுறுப்பாகும்.
● குத்தவைத்து உட்காரும்போது மலக்குடலின் மடக்கு நிமிரும். முட்டி வலியால் வெஸ்டர்ன் டாய்லெட் பயன்படுத்துபவர்கள், காலுக்கடியில் சின்ன ஸ்டூல் வைத்து முட்டியை இடுப்புக்கு மேலே உயர்த்தி, லேசாக முன்னால் குனிந்து உட்காரலாம்.
● ஐந்து, பத்து நிமிஷத்தில் வரவில்லையா? எழுந்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது போகலாம்.
● மொபைலை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். இதையும் டாய்லெட்டில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால், போதும், எழுந்திரிங்க!
● வரும்போது அடக்காதீர்கள்.
● ஏற்கெனவே எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், கடுமையான வயிற்றுவலியோடு வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, பழக்கம் எல்லாம் அப்புறம். புற்றுநோயோ அடைப்போ இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். 'மூலமாத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வெறும் 'மலச்சிக்கல்' என்று நிறுத்தாதீர்கள். "மலம் இளகலாத்தான் இருக்கு, ஆனா வெளியே வரமாட்டேங்குது. எவ்வளவு முக்கினாலும் மிச்சம் இருக்கற மாதிரி இருக்கு. இத்தனை மாசமா மருந்து எடுக்கறேன், சரியாகலை. தசையில பிரச்னையான்னு பார்க்க முடியுமா?" இவ்வளவு போதும்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். இந்த வார்த்தைகள் டாக்டருக்குத் தினமும் கேட்டுப் பழகியவைதான். நீங்கள் சொல்லாமல் விட்டால்தான், அடுத்த சீட்டிலும் அதே சிரப்பை எழுதிக் கொடுப்பார்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் ஆலோசித்தே எடுக்கவும்.)